பிரியாவிடைக்கு மறுநாள்

பாடசாலை மண்டபத்தின் வாயிலில் நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கேற்றி, மாணவர் இருமருங்கும் அணிவகுத்து நிற்க, ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவரை மாலையிட்டு அழைத்துவரும் காட்சியைக் காணாதார் நம்முள் எவரும் இலர். பொன்னாடை போர்த்தப்படுகிறது. கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பா இராகத்தோடு வாசித்துக் கையளிக்கப்படுகிறது. அதிபர் பேசுகிறார், பழைய மாணவர் ஒருவர் பேசுகிறார், பெற்றார் சார்பில் ஒருவர் பேசுகிறார். அனைவரும், அன்னாரின் ஓய்வுக்காலம் இனிதாக அமைக என்று கூறியே தம் உரையை முடிக்கின்றனர். அஃது எவ்வாறு இனிதாக அமையும் என்று கூறுவார் மட்டும் ஒருவரும் இலர். விடைபெறுபவர்தாமும் அதனைச் சிந்தித்திருப்பாரோ என்பது ஐயமே.

மறுநாள் விடிகிறது. முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம் அவரை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுகிறது. கிணற்றடிக்குச் சென்று நீராடி, கடவுளை வணங்கி, தேநீர் அருந்தி முடிக்கும்போது மணி ஆறரை. அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வந்து படலையடியில் நிற்கிறார். வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் சைக்கிளில் விரைகின்றனர். ஒருவன் மட்டும் வேகத்தைக் குறைத்து, “வணக்கம் சேர்” என்று சொல்லிச் செல்கிறான். சற்று நேரத்தில் தொலைவிலே பாடசாலை மணி ஒலிக்கிறது. அந்த மணி இனித் தமக்காக ஒலிப்பதன்று என்பதை அவர் அப்பொழுதுதான் முழுதாக உணர்கிறார். மண்டபத்திலே நிகழ்ந்தது சடங்கு; உண்மையான பிரியாவிடை இந்தப் படலையடியிலேதான் நிகழ்கிறது.

இந்த மறுநாளைப் பற்றியே இவ்வாரம் எம் வாசகரோடு சிறிது உரையாட விரும்புகிறோம். இப்பகுதியை வாசிப்போருள் ஆசிரியரும், ஆசிரியராக வரவிருக்கும் மாணவரும் பலர் ஆதலின், இஃது அவர்தம் வீட்டுப் பிரச்சினையே எனலாம். ஓய்வுக்கு ஆயத்தஞ் செய்வதென்றால் பணத்துக்கு ஆயத்தஞ் செய்வது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். பணம் வேண்டியதுதான், அதனைப் பின்னர்க் கூறுவோம். ஆயின், ஓய்வூதியம் அடுப்பை எரியச் செய்யுமேயன்றி ஒருவரின் பகற்பொழுதை நிரப்பித் தராது. அப்பொழுதை நிரப்பும் வேலை, உத்தியோகத்தின் கடைசி நாளுக்கு மறுநாள் தேடிக் கிடைப்பதன்று. உத்தியோகத்தில் இருக்கும்போதே ஊன்றி வளர்த்திருக்க வேண்டியது அது. யாம் கூற விழைவது இந்த ஒன்றே.

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது நம் மக்கள் கொண்ட மோகத்தை எள்ளும் மொழியாயினும், அதனுள்ளே ஒரு கணக்கு உண்டு. 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி அரசாங்க சேவையாளருக்கு முதுமையிலும் மாதந்தோறும் ஊதியம் உறுதியாயிற்று. மழையை நம்பிய வேளாண்மைக்கும் கடலை நம்பிய தொழிலுக்கும் இல்லாத பாதுகாப்பு அது. இதே காரணத்தால் கடல் கடந்து மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் சேவையிலும் உழைத்து, ஊர் திரும்பியோரும் பலர். ‘மலாயாப் பென்சன்காரர்’ என்பது யாழ்ப்பாணக் கிராமங்களிலே ஒரு காலத்தில் தனி மரியாதை பெற்ற பெயர். அவருள் ஒரு சாரார் கோயிலும் பாடசாலையும் வாசிகசாலையும் எழுப்புவதற்கு முன்நின்றனர். மற்றொரு சாரார் சாய்மனைக் கதிரையிலே சாய்ந்து, மாத முடிவை எண்ணிக் காலங் கழித்தனர். பென்சன் இருவருக்கும் ஒன்றே. வாழ்வு ஒன்றாயிருக்கவில்லை.

நம் வழக்கிலே ‘இளைப்பாறிய’ என்னும் அடைமொழிக்கு ஒரு விநோதமான இடம் உண்டு. கலியாண அழைப்பிதழிலும் மரண அறிவித்தலிலும் இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர் என்றே பெயர்கள் வருகின்றன. உத்தியோகம் போய் இருபது ஆண்டு கழிந்தபின்னும் மனிதர் அந்த உத்தியோகத்தாலேயே அறியப்படுகின்றார். இதில் மதிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் அந்த இருபது ஆண்டில் அவர் வேறொன்றாகவும் ஆகவில்லை என்னும் செய்தியும் இதனுள் மறைந்து கிடக்கிறது அன்றோ?

இருபது ஆண்டு என்று யாம் கூறுவது மிகையன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் ஏறத்தாழ 12 சதவீதத்தினர் 60 வயதை எட்டியோர் அல்லது கடந்தோர். அவர்தம் விகிதம் ஆண்டுதோறும் ஏறிவருகின்றது. அறுபதிலே விடைபெறும் ஒருவர் எண்பதைக் காண்பது இன்று அரிய செய்தியன்று. முதல் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகப் பட்டம் வரை ஒருவர் கற்பதற்குச் செலவிடும் காலத்தினும் இது நீண்டது. அந்தக் கல்விக்கு எத்துணை ஆயத்தஞ் செய்தோம்! இந்த இருபது ஆண்டுக்கோ ஒரு மாலையும் ஒரு பொன்னாடையும் போதுமென்று இருந்துவிடுகிறோம்.

நாள் நமக்குச் சொல்லிவிட்டு வரும் என்று எண்ணுவதும் தவறு. 2021 நவம்பரிலே சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், அரசாங்க ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது. இன்னும் ஐந்து ஆண்டு உண்டு என்று பலர் மனத்தைத் திட்டப்படுத்திக்கொண்டனர். கடன் பெற்றோரும் உண்டு. 2022 ஆகஸ்ட் இறுதியில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டம் அதனை மீண்டும் 60 ஆக்கியது. விலக்கு அளிக்கப்பட்ட சிலர் நீங்கலாக, அறுபதைக் கடந்திருந்த ஊழியர் அனைவரும் 2022 டிசெம்பர் 31ஆந் திகதியோடு விடைபெற நேர்ந்தது. ஐந்து ஆண்டு என்று எண்ணியிருந்தவருக்குக் கிடைத்தவை நான்கு மாதங்களே. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். வங்கியிலிட்ட வைப்பு எண்ணிக்கையிலே குறையவில்லை, சந்தையிலேதான் குறைந்தது. அவ்வாண்டின் படிப்பினையை நாம் விரைவில் மறந்துவிடலாகாது.

இனி, பணத்தைப் பற்றிச் சில சொல்வோம். முதலாவது, காகிதம். சேவைக்காலம் முழுவதும் மாகாணம் விட்டு மாகாணம், வலயம் விட்டு வலயம் இடமாற்றம் பெற்றவரின் சுயவிபரக் கோவையிலே நியமனக் கடிதம், நிரந்தரமாக்கற் கடிதம், சம்பள ஏற்றப் பதிவுகள், சம்பளமற்ற லீவு விபரம் என்பன ஒழுங்காய் இருப்பது அருமை. போர்க்காலத்தில் வீடு விட்டு வீடு ஓடியவருக்கோ பிறப்புச் சான்றிதழே இராது. பிறப்புச் சான்றிதழிலே ஒரு பெயரும், அடையாள அட்டையிலே வேறொரு பெயரும் இருத்தலும் உண்டு. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் வேளையில் இக்குறைகளைத் தீர்க்கப் புகுந்தால், முதல் ஓய்வூதியம் கைக்கு வருமுன் செருப்புத் தேய்ந்துவிடும். ஐம்பத்தைந்து வயதிலேயே ஒரு விடுமுறையை இதற்கென ஒதுக்குவது அறிவுடைமை. விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியப் பதிவிலே வாழ்க்கைத் துணையின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் பிழையின்றி இருக்கின்றனவா என்பதையும் அப்பொழுதே பார்த்துவிட வேண்டும். தாம் போனபின் வீட்டிலுள்ளவர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்காதிருப்பதற்குச் செய்யும் உபகாரம் அது.

இரண்டாவது, மொத்தமாய் வரும் பணிக்கொடை. வாழ்நாளில் ஒருமுறை கைக்கு வரும் இப்பெருந்தொகை வருவதற்கு முன்னரே அதற்குச் சொந்தங் கொண்டாடுவோர் வந்துவிடுகின்றனர். மகனின் வெளிநாட்டுப் பயணம், மகளின் சீதனம், மைத்துனரின் வியாபாரம், பாதியில் நின்ற மேல்மாடி என்று அது நாலா பக்கமும் இழுக்கப்படுகிறது. யாம் கூறுவது ஒன்றே: ஆறு மாதத்துக்கு அந்தப் பணத்தைத் தொடாதிருங்கள். மாத வரவைக்கொண்டு மாதச் செலவு நடக்கிறதா, மருந்துக்கு என்ன செலவாகிறது என்பதை அறிந்தபின் முடிவு செய்யுங்கள். தாட்சணியத்தால் கொடுத்த பணம் உறவையும் கொண்டுபோய்விடுவதை எத்தனை இடத்தில் கண்டுவிட்டோம்! காணியையும் வீட்டையும் பிள்ளைகளுக்கு உறுதி முடித்துக் கொடுப்போர், தமக்குச் சீவிய உரித்து வைத்தே கொடுத்தல் வேண்டும். இதில் அன்பின்மை யாதும் இல்லை. பெற்றார் தம் வீட்டில் தம் உரிமையோடு இருப்பது பிள்ளைகளுக்கும் நிம்மதியே.

அரசாங்க ஓய்வூதியம் இல்லாதார் நிலை இன்னும் கடினமானது. தனியார் துறையினருக்கு 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் 8 சதவீதமும் தொழில் கொள்வோர் 12 சதவீதமும் செலுத்திச் சேரும் அந்தத் தொகை, ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் மீளப் பெறத்தக்கது. அது பெரும்பாலும் மொத்தமாய் வந்து மொத்தமாய்ப் போகும் பணம். மாதமாதம் வந்து கைகொடுப்பதன்று. மலையகத் தோட்டங்களிலே வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர் முதுமைக்கு நம்பியிருப்பதும் இந்நிதியையும் சேவைக்காலப் பணிக்கொடையையுமே. முன்பள்ளி ஆசிரியை, தொண்டராசிரியர், தனியார் கல்வி நிலையத்திற் கற்பிப்பவர் ஆகியோருட் பலருக்கு அதுவும் இல்லை. இவர்தம் முதுமைக்கு நாடு என்ன செய்யப்போகிறது என்பது தனியே ஆராயத்தக்க பெரும் பொருள். ஓய்வூதியம் பெறும் நாம், அது எல்லார்க்கும் வாய்க்காத ஒரு பாக்கியம் என்பதை நினைத்தாலே அதனை வீணே உண்டு கழிக்க மனம் கூசும்.

நிற்க. பணக் கணக்கு நேராகிவிட்டது என்றே கொள்வோம். படலையடியில் நிற்கும் மனிதரின் துயர் அதனால் நீங்கிவிட்டதா? இல்லை. அவர் இழந்தது சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டுமன்று. முப்பத்தைந்து ஆண்டாக ஒவ்வொரு நாற்பது நிமிடமும் யாரோ ஒருவருக்கு அவர் வேண்டியிருந்தார். ஒப்பமிடுவதற்கு, ஐயந் தெளிவதற்கு, சண்டை தீர்ப்பதற்கு அவரிடம் வந்தனர். இன்று அவரிடம் வருவார் இல்லை. ஒரு நாள் ஏதோ காரணஞ் சொல்லிக்கொண்டு பாடசாலைக்குச் செல்கிறார். ஆசிரியர் அறையில் அவர் அமர்ந்திருந்த கதிரையில் இளைஞர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எழுந்து இடங்கொடுக்கிறார், தேநீர் வருகிறது. மணி அடித்ததும் எல்லாரும் வகுப்புக்கு எழுந்து போய்விடுகின்றனர். அவரும் தேநீர்க் கோப்பையுந்தான் எஞ்சியிருக்கின்றனர். இரண்டாம் முறை அவர் போவதில்லை.

வெளியில் செல்லாத அந்த அதிகாரம் பின்னர் வீட்டினுள் புகுகின்றது. வகுப்பறையை ஆண்டவர் அடுக்களையை மேற்பார்வை செய்யத் தொடங்குகிறார். தேங்காய் ஏன் இத்தனை செலவாயிற்று, மின்விளக்கு ஏன் எரிகிறது, பேரப்பிள்ளை ஏன் கையடக்கத் தொலைபேசியோடு இருக்கிறது என்று விசாரணைகள் எழுகின்றன. நாற்பது ஆண்டாகப் பகலில் தம் ஆட்சியில் இருந்த வீட்டிலே திடீரென ஒரு பரிசோதகர் வந்து தங்கிவிட்டதுபோல் மனைவியார் உணர்கிறார். இதை நகைப்புக்காக யாம் கூறவில்லை. அன்பாய் வாழ்ந்த குடும்பங்களிலே முதுமையில் எழும் பிணக்குகள் பல இவ்வாறே முளைக்கின்றன. ஓய்வு பெறுமுன் கணவனும் மனைவியும் அமர்ந்து, இனி நம் நாள் எப்படிப் போகும், எந்த வேலை எவருடையது, எந்த நேரம் எவருக்கு உரியது என்று பேசிக்கொள்ளும் வழக்கம் நம்மிடை இல்லை. இருத்தல் நன்று.

ஓய்வு பெறுபவர் ஆசிரியையாயின் கதை வேறு. அவர் பாடசாலையிலிருந்துதான் ஓய்வு பெறுகிறார், அடுப்பிலிருந்து அன்று. இரண்டு வேலை செய்துவந்தவர் ஒரு வேலைக்காரர் ஆகிறார் என்பதே வேறுபாடு. அந்த மிச்ச நேரத்துக்கும் உடனே உரிமை கோரப்படுகிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு என்று புறப்பட்டுச் சென்று, சன்னல் கடந்தால் பனி, கதவு திறந்தால் அயல்மொழி என்னும் வீட்டினுள்ளே, குழந்தையும் தாமுமாய் ஆண்டுகளைக் கழித்த அன்னையர் எத்தனை பேர்! பேரப்பிள்ளையைத் தூக்கும் இன்பம் பெரிது. ஆயினும் ஒரு தலைமுறைக்குக் கணிதமும் இலக்கியமும் கற்பித்த பெண்மணியின் அறிவு, அறுபதோடு பெறுமதியற்றதாகி விடுகிறதா? வாசிக்க வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் ஒதுக்கிவைத்த நூல்களை அவர் என்றுதான் வாசிப்பார்? இக்கேள்வியை அவர் கேட்கமாட்டார். கணவரும் பிள்ளைகளுமே கேட்டல் வேண்டும்.

நம் பழம் புலவர் முதுமையை இருவகையாய்க் கண்டனர். புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், பூண் பிடித்த கோலை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களைப் பேசும் கிழவராய் நின்று, ஆழ்ந்த மடுவிலே குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டிய இளமையை எண்ணி இரங்குகிறார். இழந்ததையே நோக்கும் முதுமை அது. அதே நூலில் பிசிராந்தையாரோ ஆண்டு பலவாகியும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணங் கூறுகிறார். பண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், முறை செய்யும் அரசன், ஆன்றவிந்தடங்கிய சான்றோர் பலர் வாழும் ஊர் என்பன அவை. அவர் கூறியவற்றுள் மருந்து இல்லை, பொருளும் இல்லை. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அவற்றுள் எதுவும் முதுமை வந்தபின் தேடிப் பெறத்தக்கதன்று. இல்லறத்தையும் மக்களையும் நட்பையும் ஊரையும் ஆண்டாண்டாய்ப் பேணியவர்க்கே அவை முதுமையிலும் துணையாகின்றன.

அண்மைக் கால வரலாறும் இதனையே காட்டுகின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1906இல் சொலிசிற்றர் ஜெனரல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். படித்த இலங்கையரின் பிரதிநிதியாக அவர் சட்டசபைக்குத் தெரிவானது 1911இலே. மருதனார்மடத்திலே பெண்கள் கல்லூரியை நிறுவியது 1913இலே. பரமேசுவராக் கல்லூரியை நிறுவியது 1921இலே. அவர் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் சிவில் சேவையிலிருந்து 1913இல் விலகினார். 1915இல் சமூக சேவைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். இவ்விருவரையும் நாடு போற்றுவதற்குரிய செயல்களுட் பல ஓய்வூதியம் பெற்ற காலத்தில் நிகழ்ந்தவை.

இவர்கள் செல்வர், நாம் அத்தகையோர் அல்லேம் என்று சிலர் கூறலாம். எனின், தமிழாசிரியர் ஒருவரையே பார்ப்போம். உ. வே. சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919இல் ஓய்வு பெற்றார். பெருங்கதை 1924இல் வெளிவந்தது. குறுந்தொகைப் பதிப்பு 1937இல், அவருடைய எண்பத்திரண்டாம் வயதில் வெளிவந்தது. தம் சரித்திரத்தை வாராவாரம் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கியது 1940இலே. நம் நாட்டுச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உத்தியோகத்தில் இருந்தபோதே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். பின்னர் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அலுவலக வேலையும் ஏட்டு வேலையும் அவர் வாழ்விலே பல்லாண்டு ஒருங்கு நடந்தன. இப்பெரியோர் வாழ்வுகளில் பொதுவாய் உள்ளது செல்வமன்று. பிற்காலத்தில் நிறைவேறியது முற்காலத்தில் தொடங்கப்பட்டிருந்தது என்பதே. ஐயர் ஓய்வு பெற்றபின் ஏடு தேடப் புறப்பட்டிருப்பாராயின், தமிழுலகு எத்தனை நூல்களை இழந்திருக்கும்!

எனவே, ஒருவர் தம் ஓய்வுக்காலம் எவ்வாறிருக்கும் என்பதை அறியச் சோதிடரை நாடவேண்டியதில்லை. ஆசிரியர்க்கு ஆண்டுதோறும் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டிசெம்பரிலும் விடுமுறை வருகிறது. அந்த விடுமுறையே ஓய்வுக்காலத்தின் ஒத்திகை. முதல் வாரம் உறக்கம், இரண்டாம் வாரம் தொலைக்காட்சி, மூன்றாம் வாரம் பாடசாலை எப்பொழுது தொடங்குமோ என்னும் சலிப்பு என்று கழிப்பவர், இருபது ஆண்டு விடுமுறையை எவ்வாறு கழிப்பார் என்பதைக் கூறவும் வேண்டுமோ? விடுமுறையிலே தமக்கென ஒரு வேலை வைத்திருப்பவர்க்கோ ஓய்வு என்பது நீண்ட விடுமுறையாகவே வந்துசேரும். நாற்பது வயதினர் இன்றே தம்மைச் சோதித்துப் பார்க்கலாம்.

எந்த வேலை என்று கேட்பீர்களாயின், முதலிற் கண்முன் நிற்பது எழுத்து வேலையே. இப்பகுதிக்கு வந்துசேரும் கட்டுரைகளுட் கணிசமானவை இளைப்பாறிய ஆசிரியர் எழுதுவன. அவற்றுட் பல, யாவரும் அறிந்த நூல்களின் பெருமையை யாவரும் அறிந்தவாறே கூறுகின்றன. எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியோ ஒரு வரியும் இராது. அவர் கற்பித்த தீவுப்பகுதிப் பாடசாலைக்கு மாணவர் எவ்வாறு வந்துசேர்ந்தனர்? அவர் ஊரில் வயல்களுக்கும் குளங்களுக்கும் வழங்கிய பெயர்கள் எவை? பனை சீவுவோரும் வலை இழுப்போரும் ஆண்ட சொற்கள் எவை? பாட்டி பாடிய தாலாட்டு எது? இவற்றை அவர் எழுதாவிடின் வேறெவரும் எழுதப்போவதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பராயின என்பர். போரும் இடப்பெயர்வும் வீடுகளில் இருந்த ஏடுகளையும் குறிப்புகளையும் கொண்டுபோயின. எழுத்தில் இருந்தது அழிந்தபின் எஞ்சியிருப்பது முதியோர் நினைவு ஒன்றே. அந்த நூலகத்துக்குத் தீ வேண்டியதில்லை; ஆண்டுகள் கழிந்தாலே போதும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு சேர்த்துவருகின்றது. சேர்ப்பதற்கு இடம் உண்டு. எழுதித் தருவார்தாம் வேண்டும்.

எல்லாரும் எழுத வேண்டியதில்லை. அயலில் உள்ள பின்தங்கிய பிள்ளைகள் இருவருக்குக் கூலி வாங்காது கணிதஞ் சொல்லிக்கொடுப்பது, பன்னூறு பேர் அமரும் கொட்டகையிற் கற்பிப்பதினும் மேலான பணி. ஊர்ச் சனசமூக நிலையத்தின் புத்தக அலுமாரியைத் தூசு தட்டி, மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவைப்பதும் பணியே. தோட்டஞ் செய்வோர் செய்யலாம். கற்பித்தே பழகியவர் மீண்டும் கற்கவும் தொடங்கலாம். சிங்களம் அறியாதவர் சிங்களம் கற்கலாம். கணினி அறியாதவர் பேரனிடமே மாணவராகலாம். கற்பதிலே ஓர் அடக்கம் உண்டு. அந்த அடக்கம் வீட்டையும் குளிர்விக்கும். எதுவாயினும், அதனை இன்றே கிழமைக்கு ஒரு மாலையேனும் ஒதுக்கித் தொடங்குதல் வேண்டும். ஆசிரியர் அறைக்கு வெளியிலும் சில நண்பரைத் தேடிக்கொள்ளல் வேண்டும். உத்தியோகத்தால் வந்த நட்பு பெரும்பாலும் உத்தியோகத்தோடு போய்விடும்.

இவ்விடயத்தில் பாடசாலைகளுக்கும் ஒரு கடமை உண்டு. பொன்னாடைக்குச் செலவிடும் அக்கறையிற் சிறிதளவு, அவ்வாசிரியரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து மாணவர்முன் ஒரு மணி நேரம் பேசச் செய்வதிலே காட்டப்படலாம். பாடசாலையின் வரலாற்றை எழுதும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். மாணவ நண்பர்களே, நீங்களும் ஒன்று செய்யலாம். இந்த விடுமுறையில், உங்களுக்கு எழுத்தறிவித்த ஒருவரின் வீட்டுக்குச் சென்று, அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்களுக்கு ஒரு கட்டுரை கிடைக்கும். அவர்க்கு ஒரு காலைப்பொழுது கிடைக்கும்.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தரிடம் சென்று, தாம் உயிரோடிருப்பதற்கு ஓர் உயிர்வாழ் சான்றிதழ் பெற்றுக் கொடுத்தல் வேண்டும் என்பது விதி. சிலர் இதனைக் குறித்து வேடிக்கையாய்ப் பேசுவதுண்டு. ஒப்பமும் முத்திரையும் கொண்ட அந்தத் தாள், மூச்சு இருக்கிறது என்பதை மட்டுமே உறுதிப்படுத்தும். அவ்வாண்டில் அவர் வாழ்ந்தாரா என்பதை எந்த உத்தியோகத்தரும் உறுதிப்படுத்த இயலாது. எழுதிய ஒரு பக்கம், தேறிய ஒரு பிள்ளை, திறந்துவைத்த ஒரு வாசிகசாலைக் கதவு ஆகியவையே அதற்குச் சான்று கூறவல்லவை. அச்சான்றுகளுக்கான விண்ணப்பத்தை அறுபது வயதிற் சமர்ப்பித்தல் பிந்திய செயல். ஐம்பதில் இருப்போரும் நாற்பதில் இருப்போரும் அதனை இன்று மாலையே எழுதத் தொடங்குவாராக.